குரல் கொடுக்கிறவள்

மழை பிடித்து ஒரு வாரமாகியும் விடவில்லை. இஸ்திரிக்காரம்மா வீட்டில் முன்னறை, நடை, சமையலறை வாசல் என்று கொடி கட்டாத இடம் கிடையாது. தங்கும் விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த படுக்கை விரிப்புகள் எல்லாக் கொடியிலும் கனத்துத் தொங்கின. அந்த வீட்டில் யாராவது யாரையாவது கூப்பிட்டால், ஏதாவது ஒரு விரிப்பை விலக்கிக்கொண்டுதான் தலை வெளியே வரும்.

"அம்மா, என் சாக்ஸ் எங்க?" என்றாள் மகள், எங்கிருந்தோ.

"நீ எந்த விரிப்புக்குப் பின்னாடி நிக்கிறே?"

"அது தெரிஞ்சா உன்ன ஏன் கேக்கப்போறேன்?"

விரிப்பு மடிப்பதற்கு ஒரு பதம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகு மடித்தால் சுருக்கம் போகாது. லேசாக ஈரம் நிற்கும்போதே இரண்டு பேர் எதிரெதிராக நின்று, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, விறைப்பாக இழுத்து உதற வேண்டும். பிறகு ஒருவர் நிற்க, மற்றவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். முன்னறை சின்னது. விரிப்பு நீளத்துக்கு இழுக்க வேண்டுமென்றால் ஒருவர் நடைக்குள் பின்பக்கமாகவே நடந்து போகவேண்டும். நடையின் கடைசியில் சமையலறைக்கு இறங்குகிற படி ஒன்று உண்டு.

பின்பக்கமாக நடக்கிறவர் இஸ்திரிக்காரம்மாவின் புருஷன், கண்ணாடிக்காரர். அவள் எதிரே நின்று குரல் கொடுப்பாள்.

"வா... வா... இன்னும் வா. வலது பக்கம் நாற்காலி. வா... நில்லு. படி."

அவர் நின்றுவிடுவார். சொன்ன இடத்தில், சொன்ன நொடியில், ஆணி அடித்த மாதிரி. ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா இதை முதன்முதலில் கேட்டபோது மோவாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி, புருஷன இப்படி வா போன்னு பேசறே? அடிபட்டுட்டார்னா மரியாதையும் போயிடுமா?"

"மரியாதையாத்தான்க்கா ஆரம்பிச்சேன். 'நில்லுங்க'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள படில உருண்டுட்டார். அந்த 'ங்க' வந்து சேர்றதுக்குள்ள கால் போயிடுது."

தையல்காரம்மா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, சிரித்திருக்க வேண்டாமே என்று ஒரு கிண்ணம் காய்கறிக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் குரல் இஸ்திரிக்காரம்மாவுடைய சொந்தக் குரல் இல்லை. கண்ணாடி வேலைக்காரர்கள் குரல் அது. பெரிய கட்டடங்களுக்கு ஆளுயரக் கண்ணாடி தூக்கிப் போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவர் முன்பக்கமாக நடப்பார், ஒருவர் பின்பக்கமாக நடப்பார். இருவருக்கும் நடுவில் கண்ணாடி. முன்பக்கம் நடப்பவருக்குத்தான் வழி தெரியும். அவர்தான் விடாமல் சொல்லிக்கொண்டே வரவேண்டும். பின்பக்கம் நடப்பவர் எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக்கூடாது. கழுத்து திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கண்ணாடி முறுக்கும், முறுக்கினால் தெறித்துவிடும். ஆக, அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதிரில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிற முகத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தக் குரலை நம்பி, காலை எடுத்துப் பின்னால் வைப்பது.

கண்ணாடிக்காரர் வாழ்நாளெல்லாம் பின்னால் நடந்தவர். அவருக்குக் குரல் கொடுத்தது நெட்டை. பனை மரத்துக்குச் சட்டை மாட்டியது போல இருப்பான். தெருவெல்லாம் அவனுக்கு அதுதான் பெயர். இரண்டு பேரும் மாப்ள, மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. "என் பொண்டாட்டி சொன்னாகூட ரெண்டு தரம் யோசிப்பேன். இந்த நெட்டைப்பய 'வா'ன்னா கிணத்துக்குள்ளயும் கால வைப்பேன்," என்பார் கண்ணாடிக்காரர்.

கிணறு இல்லை, மாடிப்படிக்கு விட்டிருந்த பொந்து. நாலாவது மாடியில் கைப்பிடிச் சுவர் கட்டாமலே கண்ணாடியை ஏற்றச் சொல்லிவிட்டார்கள். பாதி வழியில் மேஸ்திரி பின்னாலிருந்து, "என்னய்யா, ஊர்வலமா போறீங்க? சீக்கிரம்!" என்று கத்தினான். நெட்டை திரும்பி, "வந்துட்டிருக்கோம்ல!" என்று பதில் சொன்னான். அவ்வளவு நேரம்தான் குரல் இல்லாமல் போனது. கண்ணாடிக்காரர் ஒரு கால் பின்னால் வைத்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழிக்கப் பல நாள்கள் ஆயின. மண்டையோட்டில் கோடு, உள்ளே ரத்தக்கட்டு. பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். பிழைத்து வந்தவர் பார்ப்பதற்கு அதே ஆள்தான். அதே சுருட்டை முடி, அதே மீசை, சட்டைப் பையில் அதே அளவு நாடா. உள்ளேதான் என்னென்னவோ இடம் மாறிக் கிடந்தது.

மூக்கு செத்துப்போனது. சோற்றில் உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக்கொள்வார், அப்போதும் "சப்புன்னு இருக்கு" என்பார். ஒரு நாள் டீ போடுகிறேன் என்று அடுப்பைத் திறந்துவிட்டு, பற்ற வைக்க மறந்து, அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் பள்ளியிலிருந்து வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லா ஜன்னலையும் திறந்தாள். "என்னாச்சு பாப்பா, ஏன் ஓடறே?" என்று அவர் அமைதியாகக் கேட்டார். அன்றிலிருந்து அவரைத் தனியே விடுவதில்லை. இஸ்திரிக்காரம்மா விடுதிக்கு மூட்டை எடுக்கப் போனாலும் அவரும் கூடப் போவார்.

சமயத்தில் கோபம் வரும். யார் மேல் என்று தெரியாத கோபம். தட்டு பறக்கும். அரை மணியில் எல்லாம் மறந்து, "இந்தத் தட்ட யார் ஒடச்சது?" என்று அவரே பெருக்குவார்.

எந்நேரமும் அளந்துகொண்டிருப்பார். முன்னறை ஜன்னலை நாளுக்குப் பல தரம் அளப்பார். அகலத்தை அளந்துவிட்டு உயரத்துக்குப் போவார். போவதற்குள் அகலம் தலையிலிருந்து நழுவிவிடும்.

"எவ்வளவு சொன்னேன்?" என்பார்.

"நாப்பத்திரெண்டே கால்," என்பாள் அவள், இஸ்திரிப் பெட்டியிலிருந்து தலை நிமிராமல்.

"ஆங். நாப்பத்திரெண்டே கால். கரெக்ட்டு," என்று பரீட்சையில் அவளுக்கு மார்க் போடுகிற வாத்தியார் மாதிரி தலையாட்டுவார். அவர் மறந்ததை அவள் நினைவு வைத்திருக்கிறாள் என்பது அவருக்கே தெரியாதபடி அவள் பார்த்துக்கொண்டாள். யாராவது பேசினால், அவர் தடுமாறும் இடத்தில் அவள் விரல் அவர் முழங்கையைத் தொடும். பாதி வார்த்தையை அவள் எடுத்துக் கொடுப்பாள். மீதியை அவர் பிடித்துக்கொள்வார். விருந்தாளிகள், "ஆள் தேறிட்டாரே!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமை.

அந்தப் பெருமைதான் வம்பில் கொண்டுபோய் விட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். கம்பெனி, "அவருக்கு இப்போது ஒன்றும் இல்லை, வேலைக்கு வரட்டும்" என்றது. சரி, டாக்டர்கள் குழு பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். நம் இஸ்திரிக்காரம்மா என்ன செய்தாள்? நாலு பெரிய மனிதர்கள் முன்னால் புருஷன் பேந்தப் பேந்த விழிக்கக்கூடாது என்று நினைத்தாள். மகளும் சேர்ந்துகொண்டாள். என்னென்ன கேட்பார்கள் என்று யார் யாரிடமோ விசாரித்து, காலையும் மாலையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு என்ன கிழமை. இது என்ன மாதம். வீட்டு முகவரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்தால் என்ன வரும். குளிக்கும்போது ஒரு தரம், சாப்பிடும்போது ஒரு தரம். பாட்டாகவே பாடவைத்துவிட்டாள் மகள். அன்றைக்கு நல்ல சட்டை போட்டு, மீசையை ஒதுக்கி, மாப்பிள்ளை மாதிரி அழைத்துப் போனார்கள்.

டாக்டர் கேட்டார், இவர் டாண் டாண் என்று சொன்னார். ஏழு கழிப்பதில் டாக்டர் நிறுத்தச் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை, கடைசிவரை போனார். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்காரேம்மா!" என்றார். அவளும் பூரித்துப்போய், வரும் வழியில் மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கினாள்.

சான்றிதழ் வந்தது. பாதிப்பு மிகக் குறைவு, வேலை செய்யத் தகுதி உண்டு.

அவர்கள் வழக்கை எடுத்து நடத்திய வக்கீலம்மாவுடைய ஆபீஸ் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. கீழே எந்திரம் ஓட ஓட மேலே மேசை நடுங்கும். வக்கீலம்மா அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஏம்மா, பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு மாதிரி படிக்க வச்சா கூட்டிட்டுப் போனீங்க?"

"அவமானப்பட்டுடுவாரேன்னு..."

"இப்ப என்ன ஆகும் தெரியுமா? கம்பெனி வேலைக்கு வான்னு லெட்டர் போடும். போனா ஏணில ஏத்துவாங்க. போகலன்னா, அவரா வேலைய விட்டுட்டார்னு கைகழுவிடுவாங்க. வைத்தியத்துக்கும் ஒண்ணும் வராது, கூட இருந்து பாத்துக்க ஆள் வைக்கவும் ஒண்ணும் வராது. உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்து படுத்தா அவர யார் பாப்பா?"

கூட வந்திருந்த கண்ணாடிக்காரர் ஜன்னலை அளந்துகொண்டிருந்தார்.

"விசாரணை அதிகாரி ஒரு தடவை நேர்ல பாக்கறேன்னு சொல்லியிருக்கார். கடைசி சந்தர்ப்பம்," என்றாள் வக்கீலம்மா. "பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நடிக்கவும் வேண்டாம். நீங்க செய்யறத அன்னிக்கு மட்டும் செய்யாம இருங்க. வாயத் திறக்காதீங்க. அந்த விரல் இருக்கே, அதையும் சேத்துத்தான் சொல்றேன்."

"அவர் என்னத் திரும்பிப் பாப்பாரே மேடம்."

"பாக்கட்டும். நீங்க சுவரப் பாருங்க."

"முப்பத்தெட்டு," என்றார் கண்ணாடிக்காரர் ஜன்னலோரத்திலிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "எவ்வளவு சொன்னேன்?"

அவள் வாயைத் திறந்தாள். வக்கீலம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தெட்டுங்க," என்றாள் அவள். வக்கீலம்மா பெருமூச்சு விட்டாள்.

விசாரணைக்கு முந்தின சாயங்காலம் மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் வர மாட்டேன்."

"வர வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் போ."

"அப்பா எல்லார் முன்னாடியும் தடுமாறணும். நீ பக்கத்துல உக்காந்து வேடிக்க பாக்கணும். அதானே?"

"உங்கப்பா விழுந்துட்டார்டி. விழுந்தத நாம துணி போட்டு மூடி வச்சிருக்கோம். அதான் யாருக்கும் தெரியல."

"மூடுனதுல என்ன தப்பு?"

"தப்புன்னு யாரு சொன்னா? நாளைக்கு ஒரு நாள் விலக்கிக் காட்டிட்டு, மறுபடி மூடிக்கலாம்."

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "என்ன, அம்மாவும் பொண்ணும் சண்டையா? உப்பு இல்லாத குழம்புக்கு இவ்வளவு பேச்சா?"

மகள் சிரிக்க நினைத்து, முடியாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். போகிற வழியில் ஒரு விரிப்பு அவள் முகத்தில் மோதியது. அதையும் ஒரு அடி அடித்துவிட்டுப் போனாள்.

விசாரணை அறை ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். சுவரெல்லாம் மழையில் ஊறிய ஓதம். ஒரு பக்கம் ஒற்றைப் படி உயரத்துக்கு மரப்பலகை மேடை. அதன்மேல் அதிகாரியின் மேசை. அவருக்குப் பின்னால் பெரிய ஜன்னல், அதில் மழை வழிந்துகொண்டிருந்தது. அதிகாரிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை.

முதலில் நெட்டையைக் கூப்பிட்டார்கள். இன்னும் அதே கம்பெனியில் வேலை செய்கிறவன். வரமாட்டான் என்றுதான் வக்கீலம்மா நினைத்திருந்தாள். வந்தான். கைப்பிடிச் சுவர் இல்லை என்றான். மேஸ்திரி அவசரப்படுத்தினார் என்றான். "நான் குரல் குடுக்கல. திரும்பிட்டேன்," என்று யாரும் கேட்காமலே சொன்னான். சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் முழங்கால்களை மடக்க இடமில்லாமல் மடக்கி உட்கார்ந்துகொண்டான்.

பிறகு கண்ணாடிக்காரர். அதிகாரி பெயர் கேட்டார், முகவரி கேட்டார், கிழமை கேட்டார். மகளுடைய பாட்டு இன்னும் அவர் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. இஸ்திரிக்காரம்மாவுக்குப் பழக்க தோஷத்தில் மனசு குளிர்ந்தது; உடனே அந்தச் சான்றிதழ் ஞாபகம் வந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. "உக்காருங்கண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார்.

"பையில என்ன வச்சிருக்கீங்க?"

"டேப்புங்க. அளவு நாடா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கண்ணாடி வேல செய்யறவன் டேப்பு இல்லாம போனா, சட்ட இல்லாம போற மாதிரி."

அறையில் சிரித்தார்கள். அதிகாரிகூட.

"அந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடணும்னா எப்படி அளப்பீங்க? கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்."

கண்ணாடிக்காரர் எழுந்தார். முதுகு நிமிர்ந்தது. மேடையில் ஏறி, அதிகாரியைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். நாடாவை இழுத்த கை பழைய கை.

"மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, கீழ ஒண்ணு. மூணுல எது சின்னதோ அதத்தான் எடுக்கணும். மரம் வீங்கும்ங்க, மழ நாள்ல. அதுக்கும் நூல் அளவு விடணும்." அளந்தார். "அகலம் நாப்பத்தாறரை."

கம்பெனி வக்கீல் அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்தார். போதும் என்கிற புன்னகை. ஆனால் உட்காரவில்லை, இன்னும் கொஞ்சம் ருசிக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். "உயரம்?"

நாடா மேலிருந்து கீழே இறங்கியது. "அறுபத்தொண்ணு."

"சரி. அப்ப கடையில என்ன சைஸ் வெட்டச் சொல்வீங்க?"

"உயரம் அறுபத்தொண்ணு..." என்றார். "அகலம்..."

நின்றார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவளைப் பார்த்தார்.

நாப்பத்தாறரை. அது அவள் நாக்கு நுனியில் இருந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. அவள் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சுவரில் ஓதம் யானை மாதிரி படர்ந்திருந்தது. யானையைப் பார்த்தாள்.

"மறுபடி அளந்துடறேன்," என்று அவர் சிரித்தார். அளந்தார். "நாப்பத்தாறரை." உயரத்துக்குப் போனார். "அறுபத்தொண்ணு. அகலம்..." மறுபடி சிரித்தார்; இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றது. மறுபடி அளந்தார். மறுபடியும். நாடா சுருண்டு திரும்பும் 'சடக்' சத்தம் அறையில் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் கழுத்தில் வியர்வை ஓடுவது அவளுக்கு இங்கிருந்து தெரிந்தது. கம்பெனி வக்கீல், "பரவால்லண்ணே, போதும்," என்றார். அவருக்கு அது காதில் விழவில்லை.

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். தலையில் நிற்காத அளவைக் கையில் நிறுத்தப் பார்த்தார். ஜன்னல் சட்டத்தின் இரண்டு ஓரத்திலும் உள்ளங்கைகளை வைத்தார். நடுவிலிருக்கும் அகலம் மாறாமல் கைகளை அப்படியே பெயர்த்தெடுத்தார். அதை யாரிடமாவது கொண்டுவந்து காட்டிவிட வேண்டும். முகம் ஜன்னலைப் பார்த்தபடி, மேசைக்குப் பக்கவாட்டில் பின்பக்கமாக ஒரு அடி வைத்தார். இன்னொரு அடி. முழங்கை மடங்கியது, முழங்கால் தாழ்ந்தது, கழுத்து இறுகியது. வெறும் கையில் அவர் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பின்னால் மேடை முடிகிறது. ஒற்றைப் படி.

"சொல்லு," என்றார் கண்ணாடிக்காரர்.

வக்கீலம்மா மேசைக்கடியில் இஸ்திரிக்காரம்மாவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"எவ்வளவு தூரம் இருக்கு? சொல்லு." ஒரு அடி. குதிகால் பலகையின் ஓரத்தைத் தொட்டது. அவர் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. "படியா? நீ இருக்கியா இல்லையா? ஏன் சத்தமே இல்ல?" குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "கண்ணாடி கையில இருக்கு. ஏன் சத்தமே இல்ல?"

ஒரு வார்த்தைதான். தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தை. அவள் உதட்டைக் கடித்தாள்; உப்புக் கரித்தது. இப்போது சொன்னால், இவ்வளவு நேரம் அவர் பட்ட அவமானம் வீண். சொல்லாவிட்டால்? அவள் சொல்லவில்லை. யானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நில்லு மாப்ள!"

கடைசி பெஞ்சு கவிழ்ந்து விழுந்தது. நெட்டை எழுந்து நின்றுகொண்டிருந்தான். "நில்லு! படி! அப்படியே... அப்படியே இறக்கு. மெதுவா. நான் புடிச்சிருக்கேன். இறக்கு."

கண்ணாடிக்காரர் முதுகு தளர்ந்தது. முழங்காலை மடித்து, குனிந்து, இல்லாத கண்ணாடியை நோகாமல் தரையில் வைத்தார். கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "கீறல் இல்ல," என்றார்.

அதிகாரி கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "போதும். அவர உக்கார வைங்க," என்றார். பிறகு வெகுநேரம் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கம்பெனி வக்கீல் தன் தாள்களைக் காரணமில்லாமல் அடுக்கினார், யாரையும் பார்க்கவில்லை.

வெளியே நடைபாதையில் வக்கீலம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சான்றிதழ் இனி நிக்காதும்மா. அதிகாரியே கண்ணால பாத்துட்டார். உத்தரவு வர நாளாகும். ஆனா வரும்."

"சரிங்க மேடம்."

"நீங்க செஞ்சது சாதாரண காரியம் இல்ல."

"நான் ஒண்ணும் செய்யலயே," என்றாள் இஸ்திரிக்காரம்மா.

நெட்டை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். "அன்னிக்கு வராத குரல் இன்னிக்கு வந்து என்ன பிரயோஜனம் தங்கச்சி?" என்றான். "உன் காரியத்தக் கெடுத்துட்டேனா?"

"இல்லண்ணே. இன்னிக்காவது உனக்கு வந்துச்சே."

பேருந்தில் கண்ணாடிக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். மழைக்கு எல்லாக் கண்ணாடியும் மூடியிருந்தது. விரலால் ஆவியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தார். முகம் தெளிந்திருந்தது.

"எங்க போயிட்டு வர்றோம்?"

"ஒரு ஆபீசுக்குங்க."

"கண்ணாடி வேலையா?"

"ஆமா."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

"நெட்டைய பாத்த மாதிரி இருந்துச்சே," என்றார். வேறொன்றும் அவருக்கு நினைவில்லை. அதற்காக அவள் நிம்மதிப்பட்டாள். பாவம், எல்லாம் அழிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் மகள் கஞ்சி வைத்திருந்தாள். என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டாள். அம்மா தலையை ஆட்டினாள். அப்பா கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு குடித்தார். மறுநாள் காலையில் விடுதிக்காரன் வந்துவிடுவான். முன்னறையில் விரிப்புகள் மடிக்கிற பதத்துக்கு வந்திருந்தன.

"வாங்க, ரெண்டு விரிப்பு மடிச்சிடலாம்."

அவர் உற்சாகமாக எழுந்தார். தன் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டார். அவள் தன் முனைகளைப் பிடித்தாள். நடுவில் வெள்ளை விரிப்பு தொய்ந்து தொங்கியது.

"வா..." என்றாள். "வா..."

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். நின்றார். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்.

நடை வெறுமையாகக் கிடந்தது. படி இன்னும் தூரத்தில் இருந்தது. அவர் முகத்தைத் திருப்பி, ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல அவளைப் பார்த்துச் சிரித்தார். ஏன் பார்த்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"வா, வழி சும்மாத்தான் இருக்கு. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"ஆமா, ஆமா," என்றார். இன்னொரு அடி வைத்தார். மறுபடியும் கழுத்து திரும்பியது. கழுத்தோடு தோள் திரும்பியது. விரிப்பு நடுவில் முறுக்கிக்கொண்டது.

கொடித் துணிகளுக்கு நடுவிலிருந்து மகளின் தலை வெளியே வந்தது. அப்பாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, உள்ளே போய்விட்டது.

இஸ்திரிக்காரம்மா தன் முனைகளை விடவில்லை. முறுக்கை உதறி எடுத்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "வா," என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.